நம் ஊரில் குடியிருந்த கோஷ்டி

ஓர் ஊரார், தங்கள் ஊரின் பெயரைக்கூடத் தாங்காத ஒரு பந்தாட்டக் கோஷ்டிக்காகத் தொண்டை கட்டும் வரையில் கோஷம் போடுவார்களா? போட்டார்கள். போட்டவர்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். கோஷ்டியின் பெயர் சென்னை சிட்டி. 2017 முதல் 2020 வரை நாலு பருவங்கள் அந்தக் கோஷ்டி நம் ஊர் நேரு ஸ்டேடியத்தையே தன் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிற்று. 2019-ல் இந்தியாவின் ஐ-லீக் பட்டத்தையும் வென்றது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டத்தை வென்ற முதல் கோஷ்டி அதுதான். இரண்டு வருஷங்கள் சென்றன. பந்தயப் பட்டியலில் அதன் பெயரே காணப்படவில்லை.

இந்தக் கதையைப் பத்திரிகைகள் விளையாட்டுப் பக்கத்தில் எழுதி முடித்துவிட்டன. ஆனால் வென்றவர்களையும் தோற்றவர்களையும் தவிர மூன்றாவது வகையார் ஒருவர் இருக்கிறாரே, அவர் கதையை யாரும் எழுதக் காணோம். டிக்கெட் வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி, வெயிலில் உட்கார்ந்து, கைதட்டிவிட்டு வீடு திரும்பும் அபிமானியைத்தான் சொல்லுகிறோம். கோஷ்டி ஒன்று மறையும்போது முதலாளிக்குப் பணம் நஷ்டம். ஆட்டக்காரருக்கு வேலை நஷ்டம். அபிமானிக்கு நஷ்டமாவது என்ன? அதற்குக் கணக்கு உண்டா? இதுவே நாம் இங்கே விசாரிக்க விரும்பும் விஷயம்.

முதல் இரண்டு வருஷம்

சிங்காநல்லூரிலிருந்து ஸ்டேடியத்துக்குப் போவது பெரிய பிரயாணமன்று. திருச்சி ரோட்டில் பஸ் ஏறி, ராமநாதபுரம், சுங்கம் எல்லாம் கடந்து போனால் வ.உ.சி. பூங்காவை அடுத்து ஸ்டேடியம் இருக்கிறது. வ.உ.சிதம்பரம் பிள்ளை செக்கிழுத்த மத்திய சிறைச்சாலையும் அந்தப் பக்கத்திலேதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போனோமானால், போகும் வழியிலேயே சரித்திர பாடமும் ஒன்று முடிந்துவிடும். ஆட்டத்தைக் காட்டிலும் அதை அவர்கள் குறைவாகவே ரசித்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் 2017-ல் கோஷ்டி முதன்முதலாக இங்கே வந்தபோது, போகத்தான் வேண்டுமா என்ற கேள்வியே ஊரில் பெரிதாயிருந்தது. நம் தெருவில் ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவர் இருக்கிறார். ஸ்பின்னிங் கணக்கில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர். அவரைக் கூப்பிட்டோம்.

"ஏனுங்க வாத்தியாரே, மெட்ராஸ்காரன் பந்து ஒதைக்கறதுக்கு நாம எதுக்குங்க வெயில்ல போயி உக்காரோணும்?" என்று கேட்டார்.

"வந்து ஒரு ஆட்டம் பாருங்க அண்ணா. பிடிக்கலையின்னா அடுத்த வாரம் கூப்பிடலை" என்றோம்.

வந்தார். அதற்குப் பிறகு நாம் அவரைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவர்தான் நம்மைக் கூப்பிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டு வருஷங்களிலும் கோஷ்டி ஒன்றும் பிரமாதமாக ஆடிவிடவில்லை. 2016-17 பருவத்தில் பத்துக் கோஷ்டிகளில் எட்டாவது இடம். 2017-18-லும் பத்தில் எட்டாவது இடமேதான். கோல் விழும்போதெல்லாம் பெரும்பாலும் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஸ்டேடியமோ ஓட்டப் பாதை சூழ்ந்த மைதானம்; ஆட்டக்காரர்கள் தூரத்தில் தெரிவார்கள். காலி இடங்களும் அதிகம். பின் எதற்காகப் போனோம்?

பந்தாட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டோம் என்பதுதான் பதில். கிரிக்கெட்டில் பந்து நிற்கும்போது பக்கத்திலிருப்பவரோடு பேசலாம். கால்பந்திலோ பந்து நிற்பதே இல்லை. பழகாத கண் பந்தின் பின்னாலேயே ஓடி ஓடிக் களைத்துவிடும். ஆலைக்காரர் இரண்டாவது ஆட்டத்திலேயே நமக்கு ஒரு சூட்சுமம் சொன்னார்: "பந்து வெச்சிருக்கிற பையனைப் பாக்காதீங்க வாத்தியாரே; வாங்கப் போற பையனைப் பாருங்க. நூறு கதிரு ஓடும்போது ஓடற கதிரையா பாப்போம்? எந்த இழை அறுகப் போகுதுன்னுதானுங்க பாப்போம்." பந்தாட்டத்தைப் பற்றி இதைவிடத் தெளிவான பாடத்தை நாம் இன்றுவரை எந்தப் புஸ்தகத்திலும் படித்ததில்லை.

அந்தத் தோல்வி வருஷங்களில்தான் நம் நாட்டுப் பிள்ளைகளின் முகங்கள் நமக்குப் பழக்கமாயின. கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையிலே இரவிபுத்தன்துறை என்ற மீனவ ஊர்; அங்கிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் என்னும் பிள்ளை 2017-18-ல் இடது காலால் பந்தைக் கொண்டுபோகும் அழகைப் பார்க்கவே ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். அந்தப் பருவத்தில் லீக்கின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் என்ற பரிசு அவருக்கே கிடைத்தது. எட்டாவது இடத்துக் கோஷ்டியில் முதலிடத்து ஆட்டக்காரர்! தோற்கிற கோஷ்டியைப் பின்பற்றுகிறவனுக்கு இப்படிப்பட்ட சில்லறைச் சந்தோஷங்கள் உண்டு. அவற்றை அவன் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வான். மறு வருஷம் சூசைராஜ் ஜாம்ஷெட்பூர்க் கோஷ்டிக்குப் போய்விட்டார். அபிமானிக்கு முதல் பாடம் அது: ஆட்டக்காரர் போவார், நாம் இருப்போம்.

பட்டம் வந்த பருவம்

2018-ல் காற்று மாறிற்று. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராயிருந்தார். ஸ்பெயின் தேசத்திலிருந்து நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ரோபெர்ட்டோ எஸ்லாவா முதலியோர் வந்து சேர்ந்தார்கள். உருகுவேயில் பிறந்த பெட்ரோ மான்ஸி கோல் அடிக்கும் பொறுப்பை ஏற்றார். இவர்களோடு எட்வின் வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் முதலிய தமிழ்நாட்டு இளைஞர்கள் சரிசமமாக நின்று ஆடினார்கள்.

ஆட்டத்தின் மாதிரியே வேறாகிவிட்டது. முன்பெல்லாம் பந்தை வானத்தை நோக்கி உதைத்துவிட்டு, அது எங்கே விழுகிறதென்று இரு கட்சியாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். இப்போதோ பந்து புல்லை விட்டு எழும்பாமல் கால் மாறிக் கால் போயிற்று. ஒருவர் கொடுத்துவிட்டு ஓடுவார். மற்றொருவர் அவர் ஓடும் இடத்துக்குப் பந்தை அனுப்புவார். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் கணக்குப் பாடம்போல் கரும்பலகையில் முக்கோணம் போட்டே காட்டலாம். காட்டினோம்; கணக்கில் கவனமில்லாத பையன்கள்கூட அன்று கவனித்தார்கள்.

மான்ஸி அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்தார். கோஷ்டி முழுவதுமாக 20 ஆட்டங்களில் 48 கோல். தோல்வி மூன்றே மூன்று. ஸ்டேடியத்தில் காலி இடங்கள் நிரம்பத் தொடங்கின. பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள் சனிக்கிழமைக் கூலி வாங்கிய கையோடு வந்தார்கள். குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்மணிகளும் வந்தார்கள். "சென்னை சிட்டி" என்று உரக்கக் கத்துவதில் யாருக்கும் கூச்சமிருக்கவில்லை. பெயரைப் பற்றிய கேள்வி எப்போது மறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்த மருமகளைச் சில வருஷம் கழித்து அசலூர்ப் பெண் என்று யாராவது சொன்னால் மாமியாருக்குக் கோபம் வருமல்லவா? அதுபோலத்தான்.

கடைசி ஆட்டத்துக்கு முந்திய ஆட்டத்தில் ஜயித்திருந்தால் பட்டம் அன்றே கைக்கு வந்திருக்கும். ஆனால் சர்ச்சில் பிரதர்ஸ் கோஷ்டியிடம் தோல்வி நேர்ந்தது. ஆகவே எல்லாம் 2019 மார்ச் 9-ந் தேதி சனிக்கிழமைக்கு வந்து நின்றது. அன்று காலையில் கணக்கு இது: சென்னை சிட்டிக்கு 40 புள்ளி, கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கு 39. ஜயித்தால் மூன்று புள்ளி. சமமாக முடிந்தால் ஒன்று. நம்மவர் ஜயித்தால் வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை. சமம் செய்தாலோ, ஈஸ்ட் பெங்கால் ஜயித்தால் பட்டம் கல்கத்தாவுக்குப் போய்விடும். ஈஸ்ட் பெங்கால் அன்று ஆடியது கோழிக்கோட்டில், கோகுலம் கேரளாவோடு. பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் ஓர் ஆட்டம். அந்தப் பக்கம் ஓர் ஆட்டம். ஜனங்களுக்கு ஒரு கண் மைதானத்தில். மற்றொரு கண் கையிலுள்ள டெலிபோனில்.

நம்மை எதிர்த்தவர்கள் மினர்வா பஞ்சாப். முந்திய வருஷத்துச் சாம்பியன்கள். ஆட்டம் தொடங்கிச் சில நிமிஷங்களுக்குள் அவர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். ஸ்டேடியத்தில் அப்போது விழுந்த மௌனத்தைப் பரீட்சை மண்டபத்தில்தான் கேட்டிருக்கிறோம். இடைவேளை வரையில் பதில் கோல் வரவில்லை. இரண்டாம் பாதியில் பெனால்டி ஒன்று கிடைத்தது. மான்ஸி அதைக் கோலாக்கினார். ஒன்றுக்கு ஒன்று, ஆனால் சமம் போதாது. அப்பால் கௌரவ் போரா ஒரு கோல் அடித்தார். அவர் கோல் அடிப்பதற்கென்று வந்தவரல்லர். எதிராளியைத் தடுப்பதற்கென்று பின்னால் நிற்பவர். ஆட்டம் முடியும் தறுவாயில் அவரே இன்னொன்றும் அடித்தார். 3-1.

கோழிக்கோட்டில் முதலில் பின்தங்கிய ஈஸ்ட் பெங்கால் கடைசியில் 2-1 என்று ஜயித்தது. 43-க்கு 42. இருபது ஆட்டங்கள் ஆடியபின் வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி! போரா அடித்த முதல் கோல் விழாமல் ஆட்டம் சமமாக முடிந்திருந்தால், இந்தக் கட்டுரையை வேறொரு ஊர் வாத்தியார் வங்காளியில் எழுதியிருப்பார்.

அன்று இரவு திருச்சி ரோட்டுப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். ஆலைக்காரர் அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. சிங்காநல்லூர் வந்து இறங்கும்போது, "நம்ம பசங்க ஜெயிச்சுப் போட்டாங்க பாருங்க" என்றார். "மெட்ராஸ்காரன்" என்ற சொல் போய் "நம்ம பசங்க" என்ற சொல் வந்திருந்தது.

பிறகு

வெற்றிக்குப் பிறகு வந்த காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்விட்ஸர்லாந்திலுள்ள பாஸல் நகரத்துப் புகழ்பெற்ற கிளப் 2019-ல் சென்னை சிட்டியில் 26 சதவிகிதம் பங்கு வாங்கியது. கோர்டில்லோ ஹைதராபாத் போனார். போரா ஒடிஷா போனார். வான்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்குப் போனார். மான்ஸி 2020 ஜனவரியில் ஜப்பான் போய்விட்டார். சாம்பியன் என்ற முறையில் ஆசியப் பந்தயங்களில் இடம் கிடைத்தது. 2020 ஜனவரியில் பஹ்ரைனில் ரிஃபா கோஷ்டியிடம் 0-1 என்று தோற்றார்கள். மார்ச் 11-ல் மாலத்தீவின் மாசியா கோஷ்டியோடு 2-2 என்று சமம். அந்த இரண்டாவது ஆட்டம் "சொந்த மைதான" ஆட்டம் என்று கணக்கு, நடந்ததோ அகமதாபாத்தில். கோயம்புத்தூர் அபிமானிகள் தங்கள் கோஷ்டியின் சொந்த மைதான ஆட்டத்தைத் திரையிலே பார்த்தார்கள்.

அதற்குச் சில நாளில் கோவிட் வந்தது. லீக் பாதியில் நிறுத்தப்பட்டது. 2021-ல் எல்லா ஆட்டங்களையும் வங்காளத்தில், ஜனங்களை அனுமதிக்காமல் நடத்தினார்கள். சென்னை சிட்டி அதில் ஆடிற்று. 2021-22 லீக் தொடங்கியபோது அதன் பெயர் பட்டியலில் இல்லை.

அதே 2020 மார்ச்சில், ஊரடங்கின்போது, நம் பகுதியில் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகளும் நின்றன. சங்கு ஊதிய ஆலை நின்றுபோவதைப் பார்த்துப் பழகிய ஊர் இது. ஆலை நின்றால் தொழிலாளி கேட்பதற்கு ஒரு யூனியன் உண்டு. பாக்கி என்று சொல்லக் கணக்கு உண்டு. நியாயம் கேட்கக் கோர்ட்டு உண்டு. பந்தாட்டக் கோஷ்டி நின்றால் அபிமானி எந்தக் கோர்ட்டுக்குப் போவான்? அவன் கையிலிருக்கும் தஸ்தாவேஜு கிழிந்த டிக்கெட் ஒன்றுதான். அவன் சங்கத்தின் அங்கத்தினனல்லன், பங்குதாரனல்லன், ஆலோசனைக்கு அழைக்கப்படுகிறவனுமல்லன். "இந்த ஊரைக் கேட்டீர்களா?" என்று கேட்பதற்கு அவனுக்குப் பாத்தியதை ஏதும் எழுதி வைக்கப்படவில்லை. நம் பள்ளிப் பையன் ஒருவன், "சார், நாம சாம்பியன்தானுங்களே? சாம்பியன் எப்படிங்க சார் காணாமப் போவாங்க?" என்று கேட்டான். வருகைப் பதிவேட்டைத் திறந்துகொண்டோம், பதில் தோன்றவில்லை.

மற்ற ஊர்களின் கதை

அந்தப் பையனுக்குப் பதில் தேடினால் கல்கத்தாவுக்குப் போக வேண்டும். மோகன் பகான் சங்கம் 1889 ஆகஸ்ட் 15-ல் தோன்றியது. 1911 ஜூலை 29-ல் அச்சங்கத்தார், ஒருவர் நீங்கலாக மற்ற எல்லோரும் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட் என்னும் ஆங்கிலப் பட்டாளத்துக் கோஷ்டியை 2-1 என்று வென்று கேடயத்தைக் கைப்பற்றினார்கள். தேசமே நிமிர்ந்து உட்கார்ந்த செய்தி அது. 1920-ல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் சங்கம், பிரிவினையில் ஊரிழந்து வந்த குடும்பங்களுக்கு ஒரு சொந்த ஊர்போலாயிற்று. ஈஸ்ட் பெங்கால் ஜயித்தால் அந்த வீடுகளில் இல்லிஷ் மீன். மோகன் பகான் ஜயித்தால் இந்த வீடுகளில் இறால். சமையலறை வரைக்கும் போன அபிமானம்! அது வரம்பு மீறினால் என்னவாகும் என்பதையும் கல்கத்தாவே கண்டது. 1980 ஆகஸ்ட் 16-ல் இவ்விரு கோஷ்டிகளும் ஈடன் கார்டனில் ஆடியபோது கூட்டத்தில் கலகம் மூண்டு 16 பேர் மாண்டார்கள். அபிமானம் வேறு, வெறி வேறு என்பதற்கு அந்தப் பதினாறு வீடுகளே சாட்சி.

2020-ல் மோகன் பகான் ஒரு பெரிய முதலாளியின் கோஷ்டியோடு இணைக்கப்பட்டு, அதன் பெயருக்கு முன்னால் "ஏ.டி.கே." என்ற மூன்றெழுத்துச் சேர்ந்துகொண்டது. அபிமானிகள் பொறுக்கவில்லை. எங்கள் சங்கத்தின் பெயரோடு வேறு பெயர் கூடாது என்று விடாமல் கிளர்ச்சி செய்தார்கள். 2023-ல் அந்த மூன்றெழுத்து நீக்கப்பட்டது. பணம் அவர்களுடையதன்று, ஆனால் நூற்றுமுப்பது வருஷத்துப் பெயர் அவர்களுடையது. அதை முதலாளியும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

இங்கிலாந்தில் இன்னும் ஆச்சரியமான சம்பவம் ஒன்று உண்டு. விம்பிள்டன் கோஷ்டியை மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்குக் கொண்டுபோகலாமென்று 2002-ல் உத்தரவாயிற்று. ஊரார் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. சில வாரங்களுக்குள் தங்கள் கைப்பணத்தில் புதிய சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஊர்ப் பொது வெளியில், வந்தவர்களையெல்லாம் ஆடவிட்டு ஆள் தேர்ந்தார்கள். ஒன்பதாவது படியிலிருந்து தொடங்கி, 2011-ல் நாட்டின் முக்கிய லீக்கில் நுழைந்தார்கள். 2020-ல் தங்கள் பழைய தெருவான பிளவ் லேனிலேயே புது மைதானத்துக்குத் திரும்பினார்கள். அந்தச் சங்கம் இன்றும் அபிமானிகளின் உடைமை. ஜெர்மனியிலோ, சில விலக்குகள் தவிர, சங்க அங்கத்தினர்களுக்கே பெரும்பான்மை வோட்டு இருக்க வேண்டுமென்று லீக் விதியே இருக்கிறது. பணக்காரர் பணம் போடலாம். சங்கத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

நம் ஊருக்கு ஒரு யோசனை

இவற்றிலிருந்து நமக்குப் புலப்படுவது ஒன்றுதான். மேலிருந்து வந்த கோஷ்டி மேலிருந்தே போய்விடும். ஊரின் வேரிலிருந்து முளைத்த கோஷ்டியை யாரும் எளிதில் பிடுங்க முடியாது. முதலாளிகள் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பயிற்சியாளருக்குச் சம்பளம், ரயில் சார்ஜு, மைதான வாடகை எல்லாம் பணமில்லாமல் நடவா. சென்னை சிட்டியில் பணம் போட்டவர்கள் நமக்கு ஒரு பட்டத்தையும், நல்ல ஆட்டமென்றால் என்ன என்ற அறிவையும் கொடுத்தார்கள். அதற்கு நன்றி சொல்லவே வேண்டும். ஆனால் ஊராரும் கொஞ்சம் போட்டிருந்தால், "இதில் எங்கள் பங்கும் உண்டு" என்று சொல்ல ஒரு வாய் இருந்திருக்கும்.

ஸ்டேடியத்தை அடுத்த பூங்காவுக்கு யார் பெயர் வைத்திருக்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்கலாம். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது ஒரே தனவந்தரிடம் போய் நிற்கவில்லை. பங்கு ஒன்று 25 ரூபாய் என்று வைத்துப் பலரிடமும் சேர்த்தார். கம்பெனி சில வருஷங்களில் மூடப்பட்டது உண்மையே. ஆயினும் கப்பல் போன பின்பும் அது "நம் கப்பல்" என்ற நினைவு போகவில்லை. பலருடைய பணமும் மனமும் அதிலிருந்ததே காரணம். இந்தக் கோயம்புத்தூரிலேயே 1926-ல் பீளமேட்டு பி.எஸ்.ஜி. சகோதரர் நால்வர் குடும்பச் சொத்தைப் பிரித்துக்கொண்டபோது ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு எழுதி வைத்தார்கள். அந்தத் தர்மத்தின் கல்விச்சாலைகள் தலைமுறை தாண்டி நிற்கின்றன. நிலைத்து நிற்கும் காரியங்களைத் தொடங்கத் தெரியாத ஊரன்று இது.

ஆகவே நம் யோசனை சிறியது. ஊர்ப் பெயரைத் தாங்கிய சங்கம் ஒன்று வேண்டும். மாதம் ஒரு சிறு சந்தா கட்டுகிற அங்கத்தினர்கள் ஆயிரம் பேர் வேண்டும். சங்கத்தின் பெயரையும் ஊரையும் மாற்றுவதானால் அங்கத்தினர் சம்மதம் வேண்டுமென்று முதல் நாளே விதி எழுதிவிட வேண்டும். முதல் வருஷம் ஐ-லீக் வேண்டாம். மாவட்டப் பந்தயம் போதும். விம்பிள்டன்காரர்கள் ஒன்பதாவது படியில் நிற்க வெட்கப்படவில்லை. நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்? சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், பீளமேடு, உக்கடம் என்று பேட்டைக்கு ஒரு பையனைத் தேர்ந்தால் கோஷ்டி தயார். வெளிநாட்டு ஆட்டக்காரர் வரட்டும், போகட்டும். வாசற்படி நம்முடையதாயிருந்தால் விருந்தாளிகள் வந்து போவதில் குறையொன்றுமில்லை.

"சென்னை சிட்டிக்குப் போட்ட கோஷமெல்லாம் வீண்தானா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. வீணில்லை என்பதே நம் கட்சி. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இந்தியாவின் பெரிய பந்தாட்டத்துக்குப் புதியவர்களல்லர். 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக சைமன் சுந்தரராஜ் அடித்த கோல்தான் ஒலிம்பிக்கில் இந்தியா கடைசியாக அடித்த கோல். ஆனால் அத்தகைய ஆட்டக்காரர்களை வாரந்தோறும் நேரில் பார்த்து, அவர்களில் தம்மைக் காணும் பாக்கியம் கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு அந்த நாலு வருஷந்தான் கிடைத்தது. சிங்காநல்லூர்ச் சந்துகளில் பந்தை உருட்டும் சிறுவர்கள் இன்று கால் மாறிக் கால் கொடுத்து ஓடுகிறார்கள், அண்ணாந்து பார்ப்பதில்லை. யார் கற்றுக்கொடுத்ததென்று அவர்களிற் சிறியவர்களுக்குத் தெரியாது. பெரியவர்களைப் பார்த்துக் கற்றார்கள். பெரியவர்கள் ஸ்டேடியத்தில் கற்றார்கள்.

அபிமானியின் நஷ்டத்துக்குக் கணக்கு உண்டா என்று தொடக்கத்தில் கேட்டோம். உண்டு. வரவுப் பக்கத்தில் ஒரு பட்டம், ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் ஆட்டம், முன்பின் அறியாதவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து "நம்ம பசங்க" என்று சொன்ன சில சனிக்கிழமைகள். செலவுப் பக்கத்தில் ஒரு பெயர். அந்தப் பெயரும் நம்முடையதாக இருந்ததில்லை. அடுத்த முறை நம்முடையதாகவே வைத்துக்கொள்வோம்.